புதுக் கெளுத்திகள் வந்த சாயங்காலம்

பெர்மாஸ் ஜெயா,
ஜொகூர்.

அன்பு மகன் செல்வாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்த டப்ளின் குளிரில் நீ உடம்பும் மனசுமாக நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது அம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் பாதிப் பொய்யாகும், நலமில்லை என்று எழுதினால் நீ வேலையைப் போட்டுவிட்டு டிக்கெட் தேடுவாய், அதனால் உடம்பளவில் நலம் என்று வைத்துக்கொள். மழை வந்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது. எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, டாக்டர் மாத்திரையைவிட உன் அம்மாவின் திட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு என்ன கடுதாசி என்று நீ சிரிப்பாய். நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியாததா, பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே நூறாயுசு சொல்லலாம். முன்னறையில் உன் தங்கை லோஷினி படுத்திருக்கும்போது அவளைப் பற்றி உன்னிடம் போனில் என்னத்தைச் சொல்வது. வெளியே போய்ப் பேசலாம் என்று இரண்டு தடவை திடல் வரைக்கும் போனேன், ஹலோ சொன்னதுமே அழுகை வரப் பார்த்தது, வானிலை பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை, நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி எழுதலாம்.

குழந்தை தங்கவில்லை என்று அன்றைக்கு உனக்கு ஒரு வரி சொன்னேன். அதற்கு மேல் நீயும் கேட்கவில்லை, எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இப்போது முதலிலிருந்து சொல்கிறேன், கேள். வளைகாப்பு முடிந்து முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்று லோஷினியை இங்கே கூட்டி வந்தோமே, வந்த கொஞ்ச நாளிலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை காளிதாசுக்கு வேலை சிங்கப்பூரில், பாலத்து நெரிசலில் கிடந்து சனி ஞாயிறுதான் வர முடியும். பெண்டாட்டி நாள் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று ஒரு சனிக்கிழமை ஒரு கண்ணாடித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோபாவுக்கு எதிரே வைத்து, அடியில் மாவு மாதிரி மணலைப் பரப்பி, ஒரு மரத்துண்டு, பாதித் தேங்காய்ச் சிரட்டை, காய்ந்த கெதாப்பாங் மரத்து இலை என்று போட்டு, அதில் சின்னச் சின்னக் கெளுத்தியாக ஒரு கூட்டத்தை விட்டார். கோரி என்று பெயராம். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மீன் என்றால் நீந்த வேண்டும், இதுகள் தரையில் உட்கார்ந்துகொண்டு மீசையால் மண்ணைக் கிளறுகின்றன. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு 'இத வச்சு ஒரு வாய்க் குழம்புகூட ஆகாதே லா' என்றாள். லோஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நாள் முழுக்க அதையேதான் பார்ப்பாள். அந்த மீன் கண் சிமிட்டும் தெரியுமா, நான் நம்பவில்லை, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். சும்மா கிடக்கும், திடீரென்று சர்ரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே வந்து உட்காரும். அது பாயும்போதெல்லாம் உள்ளே பிள்ளையும் உதைக்கிறது என்பாள், எங்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வாள்.

ஒருநாள் காலையில் மீன் பாய்ந்தது, பிள்ளை உதைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், துடிப்பு இல்லை என்றார்கள். பெற்றெடுக்கத்தான் வேண்டும் என்றார்கள். அந்த வேதனையை நான் எழுதப் போவதில்லை. பெண் பிள்ளை, செல்வா. அதைக்கூட நான் உனக்குச் சொல்லவில்லை. தாதி ஒரு மலாய்க்காரப் பெண், நல்ல பெண், துணியில் சுற்றி எடுத்து வந்து, தாய் ஒரு தடவை தூக்கிக்கொள்கிறாளா என்று எங்களிடம்தான் கேட்டாள். லோஷினி அரை மயக்கத்தில் இருந்தாள். உன் பேச்சியம்மாள் அத்தை பெக்கோக்கிலிருந்து முதல் ஆளாக வந்து நின்றிருந்தார், என் அக்கா நிற்கும் இடத்தில் வேறு யாரும் முடிவு எடுக்க வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். 'வேணாம்மா, பாத்தா மறக்காது, பாக்காட்டி மறந்துரும்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். உன் அம்மாவும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சரி என்றாள், அவளும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையும் நானும்தான் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பிறந்து அழாத பிள்ளைக்கு நம்மிடம் சடங்கு கிடையாது, பால் தெளிப்பது கிடையாது, பதினாறு கிடையாது, பெயரும் கிடையாது, பெண்கள் இடுகாட்டுக்கு வருவதும் கிடையாது. அங்கே ஒரு வேலை செய்வதுபோல் செய்துவிட்டு வந்தோம்.

இங்கே வீட்டில் அத்தை புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தீட்டு வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு இருக்கக் கூடாதாம். குடம், கெட்டில், பூ ஜாடி, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டி, மஞ்சளும் கல்லுப்பும் கரைத்து வீடு முழுக்கத் துடைத்து, கடைசியில் கண்ணாடித் தொட்டிக்கு வந்திருக்கிறார். நம் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இது தோன்றாது. மீன்களை ஒரு வாளியில் விட்டுவிட்டு, பழுப்பாக இருந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றி, மணலைப் பைப்புத் தண்ணீரில் அரிசி களைவதுபோல் களைந்து, ஃபில்டர் பஞ்சை வெள்ளையாகும் வரைக்கும் சோப்புப் போட்டுக் கசக்கி, இலையெல்லாம் குப்பை என்று வீசி, தொட்டியைக் குத்துவிளக்கு மாதிரி துலக்கி வைத்து, புதுத் தண்ணீர் பிடித்து, மீனுக்கும் தீட்டு உண்டுதானே என்று அதிலும் ஒரு சிட்டிகை மஞ்சளும் உப்பும் போட்டு விட்டிருக்கிறார். ஸ்பிரிங் தொட்டில், மடித்து வைத்திருந்த துணிகள், நீ அனுப்பிய கம்பளித் தொப்பி எல்லாம் அதே நாளில் ஒரு ஆசிரமத்துக்குப் போய்விட்டன. லோஷினி கண்ணில் எதுவும் படக் கூடாது என்ற அன்பில்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அடுத்த சில நாளில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியது.

லோஷினி வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலைப் பார்த்தாள். தொட்டில் கட்டியிருந்த கொக்கியைப் பார்த்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்து 'எலையெல்லாம் எங்கம்மா' என்று மட்டும் கேட்டாள். அம்மா ஏதோ சொன்னாள். உள்ளே போய்ப் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் இரண்டு வாய், குளி என்றால் குளிப்பாள், அழ மட்டும் இல்லை. அது எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒருநாள் அம்மா என்னை மல்லிகைப் பூ வாங்கி வரச் சொன்னாள், நிறைய வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன், முறைத்தாள். பூக்கடையில் அந்தப் பெண் முழம் போட்டுக்கொண்டே வீட்டில் என்ன விசேஷம் அங்கிள் என்று கேட்டபோதும் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் விளங்கியது, பால் கட்டிக்கொண்டு லோஷினி துடிக்கிறாள், அதை வற்றவைக்க மார்பில் வைத்துக் கட்டுவதற்கு. பச்சை விளக்கு விழுந்தும் நான் நகரவில்லை, பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். உடம்புக்குத் தெரியவில்லை பார், குடிக்க ஆள் இல்லை என்று.

வந்து பார்த்தவர்களில் ஒருவரைத் திட்டவும் முடியவில்லை, ஒருவரைக் கும்பிடவும் முடியவில்லை. எல்லாருக்கும் சொல்வதற்கு ஒரே வசனம்தான், வயசிருக்கிறது, அடுத்த வருஷமே கையில் ஒன்று இருக்கும் என்று. லோஷினி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் போனதும் எழுந்து வந்து, தொட்டிக்கு முன்னால் நின்று, அந்த ஒற்றை மீன் எங்கே என்று தேடுவாள். அது மரத்துண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகிக்கொண்டு கிடக்கும். மீசை தேய்ந்துபோய், இரை போட்டாலும் வராது. மாப்பிள்ளை வரும் நாட்களில் அவரும் அவளும் ஒரே சோபாவில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பார்க்க முடியாது. பிள்ளையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது வீட்டில் சட்டமாகிவிட்டது. நானும் அவரும் பார்த்ததை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று 'அது தனியா இருந்தா செத்துடும்ப்பா' என்றாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கப்புறம் அவளாக வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான். பேப்பரை அப்படியே போட்டுவிட்டு மோட்டாரை எடுத்தேன்.

உலு திராமில் மாப்பிள்ளை வாங்கிய கடைக்கே போனேன். கூட்டமாக நாலைந்து கெளுத்தியைப் பிடித்துக் கொடு தவுக்கே என்று கடை முதலாளியிடம் கேட்டால் மனுஷன் தரமாட்டேன் என்கிறார். பழசு எப்படிச் செத்தது என்று கேட்டார், சொன்னேன். மஞ்சள் என்றதும் அலமாக் என்று தலையில் கை வைத்துக்கொண்டார், உப்பு என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பஞ்சில் இருந்த அழுக்குதான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றி வந்ததாம், அதைக் கசக்கி எடுத்ததும் மீன்கள் தம் கழிவிலேயே விஷம் ஏறிச் செத்திருக்கின்றன, குளோரினும் உப்பும் மஞ்சளும் மிச்ச வேலையைப் பார்த்திருக்கின்றன. தன் கடைத் தொட்டியிலிருந்து சாக்கடை நிறத்தில் ஒரு பழைய பஞ்சை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்து, இதை ஃபில்டரில் வை, தண்ணீர் பழகட்டும், ஜாங்கான் புரு-புரு அங்கிள், அவசரப்படாதே, அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் கொண்டு வந்து காட்டு, நான் சொல்லும்போது மீன் வாங்கு என்று அனுப்பிவிட்டார். அந்தப் பஞ்சைக் கண்டு உன் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். கழுவினால் நான் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்லி வைத்தேன். திடலோரக் கெதாப்பாங் மரத்தடியில் குனிந்து குனிந்து இலை பொறுக்கினேன், பக்கத்து வீட்டு மைமூன் பார்த்துவிட்டு நான் கூட்டுகிறேன் அண்ணே உங்களுக்கு ஏன் சிரமம் என்று துடைப்பத்தோடு வந்துவிட்டார். தண்ணீர் மெதுவாகத் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஜாம் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன், ஒவ்வொரு தடவையும் லோஷினி அறை வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள், இன்னும் இல்லை என்று தலையாட்டுவேன். அந்த ஒற்றை மீனும் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் தவுக்கே சரி என்றார். பையில் போட்டுக் கட்டி, வெளிச்சம் படாமல் செய்தித்தாளில் சுற்றி, ஒரு சாமியார் மந்திரம் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். விளக்கெல்லாம் அணைத்துவிடு. பையை அப்படியே தொட்டியில் மிதக்க விடு. அப்புறம் மீனை ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, சின்னக் குழாயில் முடிச்சுப் போட்டுத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டுப் பழக்கு. வலை போடாதே, இந்த மீனுக்குத் துடுப்பில் முள் உண்டு, வலையில் சிக்கினால் கிழித்துக்கொள்ளும், குவளையால் அள்ளி விடு. பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதே. அன்றைக்கு இரை போடாதே. ஒளிந்துகொள்ளும், தேடாதே, கண்ணாடியைத் தட்டாதே. வீட்டுக்கு வந்து இதையெல்லாம் நான் தப்பும் தவறுமாக ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே லோஷினி முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். 'லைட்ட அடைங்கப்பா, மொதல்ல லைட்ட அடைங்க' என்று என்னை அதட்டினாள். மகள் அதட்டி எவ்வளவு நாளாகிவிட்டது, எனக்கு ஓடிப்போய் ஊர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வரலாம் போல இருந்தது. மழை இருட்டு வேறு. குழாயை அவள்தான் பிடித்துக்கொண்டாள், சொட்டு வேகமாக விழுந்தால் முடிச்சை இறுக்குவாள், நின்றுபோனால் தளர்த்துவாள். மடியில் அந்தப் பாத்திரத்தை அணைத்து வைத்துக்கொண்டு அவள் குனிந்து உட்கார்ந்திருந்த விதத்தை உன் அம்மா சமையலறை வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குவளையால் அள்ளி ஒவ்வொன்றாக விட்டோம். விட்டதும் எல்லாம் மறைந்துவிட்டன, ஒன்று சிரட்டைக்குள், ஒன்று இலைக்கடியில், மற்றது எங்கே என்றே தெரியவில்லை. பழைய மீனும் தன் மூலையை விட்டு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தை வந்து சேர்ந்தார், கையில் அடுக்குப் பாத்திரம், வரும்போதே விளக்கைப் போட்டு, 'ஏன் எழவு வீடு மாதிரி இருட்டா கெடக்கு, புள்ள மனசு என்னத்துக்கு ஆகும்' என்றார். வெளிச்சம் விழுந்ததும் உள்ளே ஒரு மீன் பதறிக் கண்ணாடியில் மோதியது. லோஷினியும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். செல்வா, என் வயசுக்கு என் அக்காவை நான் எதிர்த்துப் பேசினதில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்தேன். 'புதுசா வந்ததுங்கக்கா, வெளிச்சம் ஆகாது, உக்கார்றதுன்னா இருட்டுலயே உக்காருங்க' என்றேன். குரல் கொஞ்சம் கூடத்தான் வந்துவிட்டது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், பாத்திரத்தைக் கீழே வைத்தார், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். சத்தம் வரக் கூடாது என்று வளையலைக்கூட மேலே ஏற்றிக்கொண்டார். சூராப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது, மழைச் சத்தமும் அந்த ஃபில்டர் சத்தமும்தான்.

அந்த இருட்டில்தான் கேட்டாள். தொட்டியைப் பார்த்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், 'நீங்க பாத்தீங்கதானேப்பா' என்றாள். பார்த்தேன் என்றேன். 'எப்படி இருந்தா' என்றாள். அத்தை பக்கம் அசைவு கேட்டது, வேண்டாம் என்று சொல்ல வந்தாரோ என்னவோ, சொல்லவில்லை. முகத்துக்கு நேரே வெளிச்சம் இருந்திருந்தால் என்னாலும் சொல்லியிருக்க முடியாது. நிறைய முடி என்றேன், ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது, மாப்பிள்ளைதான் விரலால் ஒதுக்கிவிட்டார். மூக்கு அவர் மூக்கு, நல்லவேளை நம் மூக்கு இல்லை என்றேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, நீ தூங்கும்போது திறந்திருக்குமே அப்படி. நகமெல்லாம் நன்றாக வளர்ந்து வெட்டிவிடுகிற அளவுக்கு இருந்தது. முகத்தில் நோவு இல்லை. காரில் என் மடியில்தான் வைத்துக்கொண்டு போனேன், பாசிர் கூடாங் துறைமுகத்தில் அத்தனை வருஷம் கிரேனில் எவ்வளவோ தூக்கியிருக்கிறேன், இவ்வளவு லேசான ஒன்றை இவ்வளவு பயந்து தூக்கியதில்லை என்றேன். காது மட்டும் உன் அண்ணன் காது, மேல் ஓரம் உள்ளே மடிந்து அப்படியே இருந்தது என்றேன். 'செல்வாண்ணன் காதா' என்று கேட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து தரையில் விழுந்து அவளைக் கட்டிக்கொண்டு, நான் பாவி பாக்காம விட்டுட்டேனே, எனக்கும் சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். மறுபடி முடியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அத்தை இருட்டில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்துபோய், விளக்கைப் போடாமலே தடவித் தடவி எல்லாருக்கும் சோறு போட்டுக் கொண்டு வந்தார். லோஷினி தட்டில் போட்டதைச் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் காலையில் புது மீனில் ஒன்று செத்துக் கிடந்தது. வழியில் அடிபட்டிருக்கும் என்றார் தவுக்கே, சில நேரம் அப்படித்தான் என்றார். நான் எடுத்துப் போடப் போனேன், விடவில்லை. அவளே எடுத்து, ஒரு இலையில் வைத்து, செம்பருத்திச் செடிக்கடியில் கையாலேயே தோண்டிப் புதைத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்து, என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் போவதில்லையே என்று உன் அம்மா வாயெடுத்தாள், எடுத்த வாயை மூடிக்கொண்டு தானும் செருப்பைத் தேடினாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்ததும் நாலு பேரும் போனோம். அடையாளம் எதுவும் வைக்கவில்லை, ஆனால் எனக்கும் அவருக்கும் இடம் தெரியும். புல் முளைத்துவிட்டது. மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் என்று காட்டினார், அவர் அழுததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். லோஷினி குனிந்து மண்ணில் வாயை வைத்துப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பெயர் வைத்திருந்திருக்கிறார்கள் செல்வா, வயிற்றில் இருக்கும்போதே இரண்டு பேரும் சேர்ந்து வைத்திருந்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் அந்தப் பெயரைச் சொல்ல விடாமல் நாங்கள் நாலு சுவருக்குள் காவல் இருந்திருக்கிறோம்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பாதி நாள் இன்னும் படுத்தேதான் இருக்கிறாள். அழுகை வருகிறது, எந்த நேரம் என்று சொல்ல முடியாது, பசாரில் பப்பாளிக்காய் வாங்கும்போது வந்துவிட்டது. பழைய கெளுத்தியும் அப்படித்தான், சில நாள் புதுசுகளோடு சேர்ந்து மண்ணைக் கிளறுகிறது, சில நாள் மூலைக்கே போய்விடுகிறது, யாரும் அதைப் பிடித்து இழுப்பதில்லை. அடியில் போய் விழும் மாத்திரை இரையை விளக்கணைத்த பிறகு போடுகிறோம், வெளிச்சத்தில் போட்டால் வராது. அத்தை பெக்கோக்குக்குத் திரும்பும்போது தொட்டிப் பக்கம் போய் நின்று மீனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு, அதற்கப்புறம் லோஷினி உன்னைக் கூப்பிடுவாள். எப்போதும்போல் மழையா வெயிலா என்று ஆரம்பிக்காதே. விடு லா, அடுத்தது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே. அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லை என்று அவள் ஒரு தடவை சொன்னாள், உன்மேல் கோபமில்லை, வருத்தம்தான். பெயர் என்ன என்று கேள். நான் இங்கே எழுதமாட்டேன், அவள் வாயால் நீ கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அந்தப் பெயரைத் திருப்பி ஒரு தடவை நீயும் சொல். உன் மடியில் உட்கார வைத்துத்தான் அந்தக் காதைக் குத்தியிருப்போம், வேறு யார் மடியிலும் இல்லை, நீ அவளுக்குத் தாய்மாமன். பேச முடியாமல் அழுகை வந்தால் அழு, போனை மட்டும் வைத்துவிடாதே.

குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போ. ராத்திரிச் சோற்றை விடாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க முருகன் துணையிருப்பான். உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பாவும்
அந்தப் பெண் பிள்ளையின் தாத்தாவுமான
சபாபதி